பின்னால் கத்தும் சென்சார்: கத்தாதபோதும், சும்மா கத்தும்போதும்

திருவண்ணாமலையில் பௌர்ணமி கிரிவலத்துக்கு மறுநாள் காலையில் பட்டறையைத் திறக்கும்போதே ஒரு வாடகை வண்டி வாசலில் நிற்கும். ஓட்டுநர் இரவு முழுக்கத் தூங்கியிருக்க மாட்டார். "அண்ணே, ரிவர்ஸ் போட்டா விடாம கத்துது. சென்சார் போயிடுச்சு. ரெண்டையும் மாத்திடுங்க" என்பார். பின்பக்கம் போய்ப் பார்த்தால் நம்பர் பிளேட்டுக்கு மேலே சாமந்தி மாலை தொங்கும். பம்பரில் இருக்கும் இரண்டு சென்சார் மீதும் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருக்கும். பூசை போட்டவர் கண்ணுக்கு அந்தக் கறுப்பு வட்டம் பொட்டு வைக்கத் தோதான இடமாகத் தெரிந்திருக்கும், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்து, மாலையைக் கழற்றி முன்பக்கம் கட்டினால் வேலை முடிந்தது. இதற்குப் போய்ச் சென்சார் வாங்கப் பணம் எடுத்து வைத்துக்கொண்டு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் என்னிடம் வேலை கற்க வரும் பையன்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன். சென்சாரைக் கடைசியில் சந்தேகப்படு. முதலில் அதன் முகத்தைப் பார். அப்புறம் அதற்குக் கரண்ட் வருகிறதா, எர்த் பிடிக்கிறதா, கப்ளரில் களிம்பு ஏறியிருக்கிறதா என்று பார். இவ்வளவும் சரியாக இருந்தால்தான் சென்சார் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டும். இந்த அத்தியாயத்திலும் சென்சார் கடைசியில்தான் வரும்.

அது எப்படிக் கேட்கிறது

சென்சாரின் வட்ட முகத்துக்கு உள்பக்கம் ஒரு சின்ன பீசோ வில்லை ஒட்டியிருக்கும். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1880-இல் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக்கும் கண்டறிந்தார்கள். மின்சாரம் கொடுத்தால் அதே படிகம் அதிரும் என்பது அடுத்த ஆண்டே உறுதியானது. சென்சாருக்குள் நடப்பது இந்த இரண்டும்தான். கன்ட்ரோல் பாக்ஸ் ஒரு துடிப்பு அனுப்பும். வில்லை நொடிக்குச் சுமார் 40,000 முறை அதிரும். கம்பெனியிலிருந்தே வரும் சென்சார்களில் இது இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருப்பதும் உண்டு. மனிதக் காது நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும், அதனால் நமக்கு அது எட்டாது. ஒலி போய்ச் சுவரில் பட்டுத் திரும்பி வரும். இப்போது அதே வில்லை காதாக மாறி அதை வாங்கிக்கொள்ளும். 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் ஓடும். ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் சுவரைத் தொட்டுத் திரும்ப ஆயிரத்தில் ஆறு பங்கு நொடிகூட ஆகாது. அந்த நேரத்தை அளந்துதான் பாக்ஸ் தூரத்தைச் சொல்கிறது.

பேசுவதும் கேட்பதும் ஒரே வில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பழுதுகளுக்கு விளக்கம் அதில்தான் இருக்கிறது. கோயில் மணியை அடித்தால் நாக்கு விலகிய பிறகும் மணி கொஞ்ச நேரம் ரீங்கரிக்கும். சென்சாரின் முகமும் அப்படித்தான். துடிப்பு நின்ற பிறகும் கண நேரம் நடுங்கிக்கொண்டிருக்கும். அந்த நடுக்கம் அடங்கும்வரை வரும் எதிரொலி அதன் காதில் ஏறாது. ஒரு சாணுக்கும் குறைவான தூரத்தில் இருக்கும் பொருளைச் சென்சார் சரியாகச் சொல்லாததற்கு இதுதான் காரணம். முகத்தில் சேறோ, காய்ந்த சந்தனமோ, தண்ணீர்த் திவலையோ ஒட்டினால் நடுக்கத்தின் பாங்கே மாறிவிடும். முகத்தை ஒட்டியே ஏதோ நிற்கிறது என்று பாக்ஸ் எடுத்துக்கொண்டு விடாமல் கத்தும். மணியின் விளிம்பில் கை வைத்துக்கொண்டு அடித்துப் பாருங்கள், என்ன சொல்கிறேன் என்று புரியும்.

உங்கள் வண்டி எந்த வகை

2019 ஜூலை 1-க்குப் பிறகு தயாரான கார்களில் பின்பக்கப் பார்க்கிங் சென்சார் கட்டாயம். ஏஐஎஸ்-145 என்ற விதி அதைக் கொண்டு வந்தது. ஓட்டுநர் ஏர்பேக், வேக எச்சரிக்கை, சீட் பெல்ட் நினைவூட்டி எல்லாம் அதே விதியில் சேர்ந்து வந்தவை. அதற்கு முந்தைய வண்டிகளில், விலை கூடிய மாடல்களைத் தவிர, பெரும்பாலும் கடையில் வாங்கி மாட்டிய செட்தான் இருக்கும்.

இந்த வித்தியாசம் முக்கியம். கடை செட்டில் நான்கு சென்சாரும் டிக்கிக்குள் ஒரு கன்ட்ரோல் பாக்ஸுக்குப் போகும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வயர்தான். பாக்ஸுக்குக் கரண்ட் ரிவர்ஸ் லைட் வயரிலிருந்து எடுத்திருப்பார்கள். கம்பெனி சென்சாரில் பெரும்பாலும் மூன்று வயர் இருக்கும்: கரண்ட், எர்த், தகவல். அது வண்டியின் மற்ற மாட்யூல்களோடு பேசும். முதல் வகையில் கொஞ்சம் தைரியமாகக் கை வைக்கலாம். இரண்டாவதில் தகவல் வயரில் டெஸ்ட் லேம்பை ஒருபோதும் தொடக்கூடாது. பல்பு இழுக்கும் கரண்டில் மாட்யூல் எரிந்துவிடும். அங்கே மல்டிமீட்டர் மட்டும்தான்.

தொடங்குமுன்

சமதரையில் நிறுத்துங்கள். என்ஜின் ஓடக்கூடாது. கை பிரேக்கை முழுக்க இழுத்து, முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி ரிவர்ஸ் கியர் போடுங்கள். பின்னால் குனிந்து வேலை செய்யும்போது சாவி உங்கள் பார்வையில் இருக்கட்டும். "சும்மா ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிறேன்" என்று யாராவது உள்ளே ஏறிவிடுவார்கள், ரிவர்ஸ் விழுந்திருக்கும். பட்டறையில் நான் குரலை உயர்த்துவது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

பின்னால் குறைந்தது இரண்டு மீட்டர் வெற்றிடம் வேண்டும். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சோதனை செய்யாதீர்கள். பஸ்ஸின் ஏர் பிரேக் சீறும் சத்தத்தில் நம் காதுக்கு எட்டாத அதிர்வுகளும் கலந்திருக்கும். சென்சார் அதைத் தன் எதிரொலி என்று எடுத்துக்கொண்டு கத்தும்.

சத்தமே இல்லை

முதலில் ரிவர்ஸ் லைட்டைப் பாருங்கள். லைட்டும் எரியவில்லை, சென்சாரும் பேசவில்லை என்றால் சென்சாரை மறந்துவிடுங்கள். பியூஸ் போயிருக்கும், அல்லது கியர் பாக்ஸில் இருக்கும் ரிவர்ஸ் சுவிட்ச் வேலை செய்யவில்லை. ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் நிலையைச் சொல்லும் சுவிட்சாக இருக்கலாம். பியூஸ் எது என்பது வண்டிக் கையேட்டில் இருக்கும். போன பியூஸை அதே ஆம்பியரில்தான் மாற்ற வேண்டும். மறுபடி போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. அதைத் தேடாமல் பெரிய பியூஸ் போடுவது வயரிங்குக்கே தீ வைப்பதுபோல.

லைட் எரிகிறது, சென்சார் மட்டும் பேசவில்லை என்றால் பாக்ஸுக்கு வரும் கரண்டை அளக்க வேண்டும். அளக்கும் விதத்தில்தான் பலர் தவறுகிறார்கள். ஒரு வண்டியைச் சொல்கிறேன்.

சின்ன கார், சென்சார் வெளியில் மாட்டியது. இரண்டு மூன்று இடத்தில் காட்டிவிட்டு வந்திருந்தார்கள். சென்சார் நான்கும் புதுசு, பாக்ஸும் புதுசு. ரிவர்ஸ் போட்டால் பஸ்ஸர் "டிக்" என்று ஒரு முறை சொல்லிவிட்டு அடங்கிவிடும். ரிவர்ஸ் லைட் நன்றாக எரிகிறது. பாக்ஸின் பிளக்கைக் கழற்றிச் சிவப்பு வயரில் மீட்டர் வைத்தால் 12.2 வோல்ட். எல்லோரும் இங்கேயே நின்றுவிட்டார்கள். "கரண்ட் வருது, அப்போ பாக்ஸ்தான் போச்சு" என்று இரண்டாவது பாக்ஸும் வாங்கியாகிவிட்டது.

நான் பிளக்கை மாட்டிவிட்டு, வயர் நுழையும் பின்பக்கமாக மீட்டரின் முனையைச் செருகி அளந்தேன். 8 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது. ரிவர்ஸ் லைட் வயரில் 21 வாட் பல்பு போட்ட டெஸ்ட் லேம்பை வைத்தேன். பல்பின் கம்பி மட்டும் செங்கல் நிறத்தில் லேசாகச் சிவந்தது, வெளிச்சமே இல்லை. அப்படியானால் வழியில் எங்கோ வயர் தேய்ந்திருக்கிறது. சும்மா நிற்கும்போது 12 வோல்ட் காட்டும், வேலை கொடுத்தால் தாங்காது. ரிவர்ஸ் லைட் ஏன் எரிந்தது என்றால் அதில் எல்இடி போட்டிருந்தார்கள். எல்இடிக்குத் துளி கரண்ட் போதும். பழைய பல்பாக இருந்திருந்தால் மங்கலாக எரிந்து முதல் நாளே காட்டிக்கொடுத்திருக்கும்.

டிக்கி கதவின் கீல் பக்கத்தில் வயர் கட்டு ஒரு ரப்பர் குழாய் வழியாக வளைந்து போகும். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் வயர் அந்த ஓரிடத்தில் மடியும். ரப்பரை விலக்கி ஒவ்வொரு வயராக இரண்டு விரலால் தடவிக்கொண்டே போனேன். ஒன்று மட்டும் ஒரு இடத்தில் உயிரில்லாத நூல்போலத் துவண்டது. மேல் தோல் கிழியவே இல்லை. தோலைச் சீவினால் உள்ளே செம்புக் கம்பிகள் எல்லாம் அறுந்து, இரண்டே இரண்டு இழை பச்சைக் களிம்போடு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. செம்பு பளபளப்பாகத் தெரியும்வரை இரண்டு பக்கமும் வெட்டி, அதே தடிமனில் துண்டு வயர் சேர்த்துச் சாலிடர் வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டேன். இணைப்பு, மடியும் இடத்தில் வராமல் தள்ளி வரும்படி பார்த்துக்கொண்டேன். சாலிடர் வைத்த இடம் விறைப்பாகிவிடும், அங்கேயே மடித்தால் ஆறு மாதத்தில் மறுபடி அறுந்துவிடும்.

எனவே கரண்டை எப்போதும் பாக்ஸ் மாட்டியிருக்கும்போதே அளந்து பாருங்கள். பேட்டரியில் இருக்கும் வோல்ட்டுக்கும் இங்கே வருவதற்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வயரைத் தேடுங்கள். மீட்டரின் ஊசியால் வயர் தோலைக் குத்தி அளக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்தத் துளை வழியாகத்தான் அடுத்த மழைக்குத் தண்ணீர் உள்ளே போகும்.

எர்த்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பாக்ஸின் கறுப்பு வயரிலும் மறுமுனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வையுங்கள். பின்னாலிருந்து எட்டாது, நீளமான வயர் ஒன்று தயாராக வைத்திருங்கள். சிஸ்டம் ஓடும்போது 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் எர்த் சரியில்லை. கடையில் மாட்டும்போது கையில் கிடைத்த ஸ்க்ரூவின் கீழே பெயின்ட் சுரண்டாமல் எர்த் வயரைச் செருகிவிடுவார்கள். ஒரு வருடம் ஓடும். அப்புறம் துரு ஏறும். கழற்றி, தகரம் வெள்ளையாகத் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, வளையக் கிளிப் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். "சில நாள் கத்துது, சில நாள் கத்தல" என்று வரும் வண்டிகளில் நான் முதலில் தேடுவது இந்த ஸ்க்ரூவைத்தான்.

விடாமல் கத்துகிறது

முகத்தைத் துடையுங்கள். மாலை, கிளம்பி நிற்கும் நம்பர் பிளேட், வளைந்து தொங்கும் பம்பர் விளிம்பு எதுவும் சென்சாருக்கு முன்னால் நீட்டக்கூடாது. பின்பக்கம் இரும்பு கார்டு மாட்டியிருந்தால் அதுதான் காரணமாக இருக்கும். வண்டிகளில் மாட்டும் கிராஷ் கார்டுகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. சென்சாருக்காக இல்லாவிட்டாலும் அதைக் கழற்ற வேண்டியதுதான்.

ஆட்களை ஏற்றினால் மட்டும் கத்துகிறதா? குடும்பத்தோடு ஏழு பேர், டிக்கியில் மூட்டைகள். வண்டியின் பின்பக்கம் அமுங்கும், சென்சாரின் முகம் தரையைப் பார்க்கும். தரையையே தடையாகச் சொல்லும். கடை செட்டில் சென்சாரின் பின்பக்கம் மேலே எது என்று அம்புக்குறி இருக்கும். ஒலி பக்கவாட்டில் அகலமாகவும் மேலும் கீழும் குறுகலாகவும் பரவும்படி செய்திருப்பார்கள். மாட்டும்போது கால் திருப்பு திரும்பிவிட்டால் அகலமான பக்கம் தரைக்குப் போய்விடும். வெறும் வண்டியிலும் கத்தும். இது சென்சார் பழுதே இல்லை. கழற்றித் திருப்பி மாட்டுங்கள்.

டிங்கரிங் வேலை முடிந்து வந்த வண்டிகள் தனி ரகம். பம்பருக்கு அடித்த பெயின்ட் சென்சார் மீதும் கனமாக விழுந்திருக்கும். பெயின்ட் பூச்சு தடித்தால் வில்லையின் அதிர்வு மாறிவிடும். சுரண்டி எடுக்கப் போனால் முகமே கெட்டுவிடும், அந்த ஒரு நிலையில் சென்சாரை மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன் சென்சாரைச் சுற்றி மெல்லிய ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். பம்பருக்கும் சென்சாருக்கும் நடுவே அதிர்வு கடக்காமல் தடுப்பது அதுதான். பம்பரைக் கழற்றும்போது கீழே விழுந்து குப்பையோடு போய்விடும் அளவுக்குச் சின்னது. அது இல்லாவிட்டால் சென்சார் அதிர்வதைப் பம்பரும் வாங்கிக்கொண்டு அதிரும், அந்த அதிர்வையே சென்சார் தடை என்று சொல்லும்.

மழைக்குப் பிறகும் வாட்டர் சர்வீஸுக்குப் பிறகும்

இந்த ஊரில் கார்த்திகை தீபம் வருவதே மழைக்காலத்தில்தான். கார்த்திகை மாதத்தில் ஊருக்கு வெளியே போடும் தற்காலிக நிறுத்தங்கள் எல்லாம் காலி மனையும் வயல் ஓரமும்தான். வண்டி இரண்டு நாள் சேற்றில் நிற்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை இந்த ஊரைப் புரட்டிப்போட்டதை யாரும் மறக்க முடியாது. மலைச்சரிவில் மண் சரிந்து வ.உ.சி. நகரில் ஏழு உயிர்கள் போயின. அந்த மழையில் பம்பர் மூழ்க நின்ற வண்டிகள் உடனே வரவில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்து ஒவ்வொன்றாக வந்தன. தண்ணீர் வடிந்தாலும் கப்ளருக்குள் போன ஈரம் வெளியே வருவதில்லை, உள்ளேயே இருந்து செம்பை மெதுவாகத் தின்னும்.

பின்பம்பருக்கு உள்ளே, பெரும்பாலும் ஒரு பக்கச் சக்கரத்தின் மட்கார்டுக்குப் பின்னால், சென்சார் வயர்கள் எல்லாம் சேரும் பெரிய கப்ளர் ஒன்று இருக்கும். சக்கரம் தெறிக்கும் சேறு நேராக அங்கேதான் போகும். லாக்கை அழுத்தி இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பின்கள் மஞ்சளாகவோ வெள்ளியாகவோ பளபளத்தால் நல்லது. ஒரு பின் மட்டும் பச்சைப் பொடி பூசியதுபோல இருந்தால் பழுது அங்கேதான். எலக்ட்ரிகல் கான்டாக்ட் கிளீனரை அடித்து, சின்ன பிரஷ்ஷால் தேய்த்து, காற்று ஊதிக் காய வைத்து மாட்டுங்கள். பின் மெலிந்து ஊசியாகியிருந்தால் சுத்தம் செய்து பயனில்லை, கப்ளரையே மாற்ற வேண்டும். உள்ளே ரப்பர் சீல் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். நான் பார்த்த களிம்பு ஏறிய கப்ளர்களில் பெரும்பாலானவற்றில் அந்தச் சீல் காணாமல் போயிருந்தது, அல்லது பிதுங்கி நின்றது.

வாட்டர் சர்வீஸ் செய்யும் பையனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: சென்சாருக்கு நேராக வாட்டர் கன்னைப் பிடிக்காதே, ஒரு முழம் தள்ளிச் சாய்வாக அடி.

எலிகளையும் சொல்லியாக வேண்டும். விடுதி வாசலில் இரவு நிற்கும் வண்டிக்குள் பிரசாதப் பொட்டலம், வாழைப்பழம், பொரி எல்லாம் இருக்கும். வாசம் பிடித்து வந்த எலி பம்பருக்குள் நுழைந்து கையில் கிடைத்த வயரைக் கடிக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. சந்தேகம் வந்தால் டார்ச்சோடு கீழே படுங்கள், அல்லது பம்பரைக் கழற்றிவிடுங்கள். வயரைச் சரிசெய்த பிறகு வளையம் வளையமான பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு, இடைவெளி விட்டுக் கட்டுங்கள். சாப்பாட்டை வண்டியில் வைக்காமல் இருப்பதுதான் உண்மையான மருந்து.

எந்தச் சென்சார் என்று கண்டுபிடிப்பது

இவ்வளவும் சரி, ஆனாலும் ஒரு பக்கம் வேலை செய்யவில்லை என்றால் இப்போது சென்சாரிடம் வரலாம். ரிவர்ஸ் போட்டு, சத்தமில்லாத இடத்தில் ஒவ்வொரு சென்சாருக்கும் அருகே காதைக் கொண்டுபோங்கள். 40,000 அதிர்வு கேட்காது. ஆனால் துடிப்பு தொடங்கி நிற்கும் தாளம், சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்வதுபோல, மெல்லிய டிக் டிக் என்று கேட்கும். விரல் நுனியை முகத்தில் லேசாக வைத்தாலும் தெரியும். நான்கில் ஒன்று மட்டும் மௌனமாக இருந்தால் அதுவோ, அதற்குப் போகும் வயரோ, பாக்ஸின் அந்தப் பக்கமோதான்.

பழுது எந்தப் பக்கம் என்று தெரிய, இடம் மாற்றிப் பார்ப்பதைப்போல எளிய வழி இல்லை. கடை செட்டில் பாக்ஸில் இரண்டு பிளக்கை மாற்றிச் செருகுங்கள். மௌனம் சென்சாரோடு நகர்ந்தால் சென்சாரோ அதன் வயரோ போயிற்று. அதே துளையில் நின்றுவிட்டால் பாக்ஸின் அந்தப் பக்கம் போயிற்று. கம்பெனி சென்சாரில் பார்ட் நம்பர் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டு, பம்பருக்குள்ளேயே இடம் மாற்றிப் பாருங்கள். மாற்றுவதற்கு முன் மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மீட்டரை ஓம்ஸில் வைத்து சென்சாரின் இரண்டு வயரில் தொட்டு "ரீடிங் இல்லை, போச்சு" என்று சொல்வதை ஏற்காதீர்கள். பீசோ வில்லை நேர்க் கரண்டை விடாது. நல்ல சென்சாரிலும் ஒன்றும் காட்டாமல் இருக்கலாம்.

ஸ்கேனர் மாட்டலாம், ஆனால் மலிவாகக் கிடைக்கும் ஓபிடி கருவிகள் பெரும்பாலும் என்ஜின் கோடுகளை மட்டும் படிக்கும். சென்சார் பழுது பெரும்பாலும் பாடி மாட்யூலில் ஆங்கில B எழுத்தில் தொடங்கும் கோடாகப் பதிந்திருக்கும். அதைப் படிக்கும் கருவி இருக்கும் இடத்துக்குப் போங்கள். கோடு வந்தாலும் அது சென்சாரை மாற்று என்று சொல்லவில்லை. அந்தச் சென்சாரின் பாதையில் கோளாறு என்றுதான் சொல்கிறது. அந்தப் பாதையில் கப்ளரும் வயரும் இருக்கின்றன.

கடைசிச் சோதனை

எல்லாம் மாட்டி முடித்த பிறகு தரையில் சாக்பீஸால் பம்பரிலிருந்து 150, 100, 50, 30 செ.மீ.யில் கோடு போடுங்கள். பிளம்பிங் கடையில் கிடைக்கும் 75 மி.மீ. பிவிசி குழாய் ஒன்றை ஒரு மீட்டர் உயரத்துக்கு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சென்சாருக்கும் நேராக, தூரத்திலிருந்து கிட்டே கிட்டே நகர்த்துங்கள். ஒன்று ஒன்றரை மீட்டருக்குள் சத்தம் தொடங்கி, நெருங்க நெருங்க விரைந்து, 30 செ.மீ. வாக்கில் தொடர்ச்சியாகக் கத்த வேண்டும். எந்தச் சென்சார் எத்தனை செ.மீ.யில் எழுந்தது என்று ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டில் வையுங்கள். அடுத்த பழுதுக்கு அந்தத் தாள்தான் துணை.

அதோடு நிறுத்தாதீர்கள். நான் ஒவ்வொரு வாடகை வண்டிக்கும் இன்னொன்றும் செய்து காட்டுகிறேன். ஒரு முக்காலியில் பழைய போர்வையை மடித்துப் போர்த்தி, முழங்கால் உயரத்தில் வைத்து, அதே கோடுகளில் நகர்த்துகிறேன். கனமான துணி ஒலியை விழுங்கிவிடும். பிவிசி குழாய்க்கு ஒரு மீட்டரில் எழும் சென்சார், போர்வைக்கு மிகவும் கிட்டே வந்த பிறகுதான் எழும். சில வண்டிகளில் முக்காலியைத் தொடும்வரை எழவே எழாது. நல்ல நிலையில் இருக்கும் சென்சாருக்கே இந்த அளவுதான் காது.

பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். இந்திர லிங்கம் முதல் ஈசானிய லிங்கம் வரை ஓரத்தில் போர்வை போர்த்திக் குந்தியிருப்பவர்கள், சுருண்டு தூங்குபவர்கள், பூக்கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள். முக்காலி உயரம்தான் அவர்கள்.

போன தீபத்துக்கு முன் வந்த ஓர் ஓட்டுநருக்கு இதைக் காட்டினேன். சென்சார் நன்றாகத்தான் இருந்தது. கப்ளரில் ஒரு பின் மட்டும் களிம்பு, சுத்தம் செய்து கொடுத்தேன். குழாய்க்கு நான்கும் எழுந்தன. போர்வை முக்காலியை நகர்த்தினேன். 50 செ.மீ. கோட்டைத் தாண்டியும் சத்தம் இல்லை. அவர் ஒன்றும் பேசாமல் குனிந்து அந்த இடைவெளியைத் தன் கையால் அளந்து பார்த்தார். வண்டியைப் பட்டறையிலிருந்து ரிவர்ஸில் எடுக்க வேண்டியிருந்தது. கிளீனர் பையனைக் கூப்பிட்டு, "தம்பி, இறங்கிப் பின்னாடி நில்லு, கை காட்டு" என்றார்.